ஒன்பதாம் பிரிவின் கடைசி வாக்கியம்

"தொடர் ஒளிபரப்பாகும் காலம் முழுவதும் நடிகை தமது கதாபாத்திரத்தின் தோற்றத்துக்கு மாறான தோற்றத்தில் வேறு எந்தத் தொடரிலும் விளம்பரத்திலும் தோன்றக் கூடாது. தொடரின் கடைசிப் பகுதி ஒளிபரப்பான மறுநாள் முதல் இந்தக் கட்டுப்பாடு செல்லாது."

என் மனைவி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு இது. முதல் வரைவில் இரண்டாவது வாக்கியம் கிடையாது. நான்தான் சேர்க்கச் சொன்னேன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த உத்தரவைப் படித்தாலும் அது எந்தத் தேதியோடு முடிகிறது என்று முதலில் பார்ப்பான். முடியும் தேதி இல்லாத உத்தரவு, போட்ட அதிகாரியைவிட அதிக நாள் வாழும். தயாரிப்பு மேலாளர் சிரித்துக்கொண்டே, பத்து நாள் வேஷத்துக்கு இவ்வளவு படிக்கிறீர்களே சார் என்றார். படித்தேன். வாக்கியத்தைச் சேர்த்தார்கள். கையெழுத்தானது.

அந்தத் தொடர் முடிந்து வருஷக்கணக்காகிறது. விதிப்படி பார்த்தால், கடைசிப் பகுதி ஒளிபரப்பான மறுநாள் காலையிலிருந்து என் மனைவி நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு எந்தத் தொடரிலும் நடிக்கலாம். அவள் ஆசைப்பட்டதும் அது ஒன்றுதான். ஒரு தடவையாவது பொட்டும் பூவுமாகத் திரையில் வந்து, பார்க்கிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். தடுக்கிற விதி எதுவும் இல்லை. ஒரு விதி செல்லாது என்று காகிதத்தில் எழுதிவிடலாம். அது செல்லாமல் போய்விட்டது என்பதை ஊருக்கு யார் தெரிவிப்பது என்பதற்குத்தான் நடைமுறை இல்லை.

சிரிக்க வைப்பதுதான் அவளுக்கு இயல்பாக வந்தது. கல்யாணமான புதிதில் எங்கள் அலுவலக ஆண்டு விழாவில் நாடகம் போட்டார்கள். பெண் வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் ஊழியர்களின் மனைவிமார்களைக் கேட்டார்கள். என் மனைவி மேடையேறி, எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு, எங்கள் உயரதிகாரி கோப்பு பார்க்கும் விதத்தைச் செய்து காட்டினாள். எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டுவது, நடுவில் நிறுத்திக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பது, பேனாவைத் திறந்து, யோசித்து, கையெழுத்துப் போடாமல் மூடி வைப்பது. உயரதிகாரி முன்வரிசையில் இருந்தார். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் எனக்குத் தொலைதூரத்துக்கு மாறுதல் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று இன்றுவரை நம்பிவருகிறேன்.

மறுபடி சென்னைப் பக்கம் மாற்றிக்கொண்டு வந்து மண்ணூரில் வீடு கட்டிய பிறகுதான் அவள் தொலைக்காட்சிக்குப் போனாள். அந்த நாடகத்தைப் பார்த்த ஒருவர் ஞாபகம் வைத்திருந்து கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரி, குழாயடிச் சண்டைக்காரி, கல்யாணத் தரகர் என்று சின்னச் சின்ன வேஷங்கள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நாள் வேலை. போரூர்ப் பக்கத்து ஷூட்டிங் வீடுகளுக்குக் காலையில் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். குழாயடிச் சண்டைக்காரிக்கு என் தங்கையின் குரலைக் கொடுத்திருந்தாள். என் தங்கை அதைப் பார்த்துவிட்டு, யாரோ தெரிந்த மாதிரி இருக்கிறதே என்றாள்.

பிறகு பெரியக்கா வந்தாள்.

அந்தத் தொடரில் பாத்திரத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை. எல்லோரும் பெரியக்கா என்றே கூப்பிடுவார்கள். கதை தொடங்கும் முன்பே கணவனை இழந்து, தம்பி வீட்டில் வெள்ளைப் புடவையோடு இருப்பவள். காபித் தட்டைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்க்க வேண்டும், பத்தாம் நாள் மாரடைப்பில் போய்ச் சேர வேண்டும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு காட்சி. வீட்டு மருமகள் எல்லாப் பெண்களுக்கும் மல்லிகைப்பூ கிள்ளிக் கொடுத்துக்கொண்டே வருகிறவள், மறதியில் பெரியக்காவிடமும் நீட்டிவிடுகிறாள். பெரியக்கா தலையசைத்து மறுக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. என் மனைவி பூவைக் கையில் வாங்கி, ஒரு தரம் மோந்து பார்த்து, பக்கத்திலிருந்த சிறுமியின் தலையில் வைத்துவிட்டு, "எனக்கெதுக்கு" என்றாள்.

எழுதாத வசனம். தான் அதைக் கொஞ்சம் கேலியாகத்தான் சொன்னதாக வீட்டுக்கு வந்து சொன்னாள். கேட்டவர்களுக்கு அப்படிப் படவில்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

மாரடைப்பு ரத்தானது. பத்து நாளில் சாக வேண்டியவள் ஆறேழு வருஷம் இருந்தாள். பட்டுப்புடவையை நீட்டினால் எனக்கெதுக்கு. லட்டை நீட்டினால் எனக்கெதுக்கு. சொத்தில் பங்கு என்று பத்திரத்தை நீட்டினாலும் எனக்கெதுக்கு. ஊர்ப் பெண்கள் ராத்திரி சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்கள். என் மனைவியோ வீட்டில் எந்தப் பண்டத்தையும் எனக்கெதுக்கு என்று தள்ளியவள் அல்ல. நீட்டுவதற்கு முன்பே எடுத்துக்கொள்கிறவள்.

அந்த வருஷங்களில் விடியற்காலையில் எங்கள் தெருமுனையில் கம்பெனி பஸ்களும் ஷூட்டிங் வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்குப் போகும் பெண்களோடு, பொட்டும் பூவும் வளையலுமாக என் மனைவி நிற்பாள். அவர்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய் யூனிஃபார்ம் மாட்டிக்கொள்வார்கள். அவள் போரூர்ப் பக்கம் போய் வெள்ளைப் புடவை கட்டிக்கொள்வாள். பூவை வண்டியிலேயே கழற்றி டிரைவரின் சாமி படத்துக்குப் போட்டுவிடுவாள். ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, திரும்பும்போது அதையே எடுத்து வைத்துக்கொள்வாள். பல நாள் மறந்துவிடுவாள். வண்டி வாரம் ஒருமுறை கழுவப்படும் வரை அவள் உட்காரும் ஜன்னல் முழுக்கப் பொட்டாக இருக்கும்.

தாலியைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். ரவிக்கைக்குள் மடித்து ஊக்கு குத்திக்கொண்டாள். மஞ்சள் கயிறு வியர்வையில் ஊறி வெள்ளை ரவிக்கையில் கறை விடும். விதவையின் ரவிக்கையில் மஞ்சள் எப்படி வரும் என்று உடைக்காரர் சத்தம் போடுவார். ஒருமுறை சுவரில் மாட்டிய கணவன் படம் கீழே விழுந்து கிழிந்துவிட்டது. அவசரத்துக்கு என்னுடைய பழைய போட்டோ ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அவள் அங்கே சண்டை போட்டாள். போட்டோவுக்கு மாலை போட்டால் வண்டியை வரச் சொல்ல வேண்டாம், நான் வரமாட்டேன் என்றாளாம். கடைசியில் கலை உதவியாளர் தன் மாமாவின் படத்தைக் கொண்டுவந்தார். மாமா உண்மையிலேயே இறந்துபோனவர். யாருக்கும் ஆட்சேபணையில்லை.

என் படத்தைத்தான் காப்பாற்ற முடிந்தது. என்னைக் காப்பாற்ற முடியவில்லை. குன்றத்தூர் மலைக்கோயிலுக்கு இருவருமாகப் போனால், படியில் உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்ப்பார். ஒருநாள் என் மனைவியைத் தனியாக இழுத்து, "இன்னா பெரியக்கா, யாரு இவரு? இந்த வயசுல உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டேவிட்டார். அவள் சிரித்துக்கொண்டே படியேறினாள். எனக்கு மூச்சு வாங்கியது, படியினால் மட்டும் அல்ல.

இன்னொரு முறை குடும்ப அட்டையில் முகவரி திருத்த ஒரு சேவை மையத்துக்குப் போனோம். நான் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே கணினி முன்னால் இருந்த பெண் என் மனைவியைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டு, எதையும் கேட்காமல் தானாகவே எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டார். திருத்தி வந்த அட்டையில் நான் இல்லை. உறுப்பினர் பெயரை நீக்க இறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டும். இங்கே ஒரு தொலைக்காட்சித் தொடரே போதுமான ஆவணமாகிவிட்டது. நான் உயிரோடிருப்பதாக நானே மனு எழுதி நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் அதற்கு ஆதாரம் கேட்டார்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். தொடர் முடிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்றிருந்தோம். தொடர் முடிந்தது. கடைசி நாள் உடைகளைக் கணக்கெடுத்தபோது அந்த வெள்ளைப் புடவைகளை மட்டும் யாரும் தொடவில்லை. நீங்களே எடுத்துனு போயிடுங்கம்மா என்று மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல மெல்லிய நூல் புடவைகள். என் மனைவி ஒவ்வொன்றாகக் கிழித்து இட்லித் துணியாக்கினாள். மாவு ஒட்டாமல் அழகாக வரும். பெரியக்காவின் சோகத்தை நாங்கள் பல வருஷம் சட்னியோடு சாப்பிட்டோம்.

போனும் வந்தது. வராமல் இல்லை. விதவைத் தாய், விதவை டீச்சர், விதவை டாக்டர். ஒரு முறை விதவை நீதிபதி. கருப்பு அங்கிக்குள்ளே என்ன கட்டியிருந்தால் என்ன என்று கேட்டாள். வெள்ளைதான் வேண்டும் என்றார்கள். ஒன்றிரண்டு செய்தாள். பிறகு, வேறு ஏதாவது இருந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். புகார் கொடுக்க ஓர் ஆளாவது இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் ஓய்வு பெற்றேன். மாடியில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டோம். ஒன்றில் தெற்கத்திக்காரத் தம்பதி. பையனுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி. பெண்ணுக்கு ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. அந்தப் பெண்ணுக்குத் தாய் இல்லை. அவள் உண்டானபோது வளைகாப்பை எங்கள் மொட்டை மாடியிலேயே செய்துவிடலாம் என்றாள் என் மனைவி. வளையல் வாங்கியது, கலவை சாதத்துக்குச் சொன்னது, வாடகைக்கு நாற்காலி எடுத்தது எல்லாம் அவள்தான். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லைனில் கூட வேலை செய்யும் பெண்கள் ஒரு கூட்டமாக வந்து இறங்கினார்கள். ஊரிலிருந்து பெண்ணின் மாமியார் வந்திருந்தார்.

மாமியார் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக முன்வரிசையில் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சுமங்கலிக்கும் வைத்துவிட்டு வளையல் போட அழைக்க வேண்டும். முதல் நாற்காலியில் என் மனைவி, மாம்பழக் கலர் பட்டில், தலை நிறையப் பூவோடு. அவளுக்குப் பின்னால் வாழைப்பழச் சீப்புகளைச் சுமந்துகொண்டு நான், முழு உயிரோடு. மாமியாரின் கை குங்குமத்தோடு என் மனைவியின் நெற்றிக்கு நேராக வந்தது. நின்றது. பிறகு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டது.

மணைமேல் உட்கார்ந்திருந்த பெண் பதறிப்போய், "அத்தே, அவுங்களுக்கு" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாளுக்குத் தான் செய்தது புரிந்து முகம் வெளுத்துவிட்டது. அப்போது என் மனைவி தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, பழைய குரலில் சொன்னாள்:

"எனக்கெதுக்கு."

மாடி அதிர்ந்தது. விசில், கைதட்டல், சிரிப்பு. குங்குமம் வைப்பதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அதையும் பிடித்துவிட்டார்கள். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டார்கள். அவள் அதை விட்டுவிட்டு, அந்தப் பெண்கள் அடிக்கடி திட்டும் லைன் சூப்பர்வைசரைச் செய்து காட்டினாள். ஓடி முடியாத டார்கெட்டைப் பற்றி அவர் பேசுவது, பேசிக்கொண்டே பாத்ரூம் போகிறவளை வாட்சைக் காட்டி நிறுத்துவது. அவள் அந்த ஆளைப் பார்த்ததே கிடையாது. மாடிப்படியில் கேட்டதை வைத்தே செய்தாள். கர்ப்பிணிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும் ஆன்ட்டி என்று கெஞ்சினாள்.

மாமியார் பிறகு பக்கத்தில் வந்து குங்குமம் வைத்தார். "தப்பா நெனைக்காதீய மதினி. கை தன்னால போயிட்டு" என்றார்.

"வுடுங்க. டிவிகாரன் பண்ண வேலைக்கி உங்க கை இன்னா பண்ணும்" என்றாள் என் மனைவி.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கும்போது நான் அவளைப் பாராட்டினேன். சபையைக் காப்பாற்றிவிட்டாய் என்றேன். அவள் நாற்காலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அத சொல்லியிருக்கக் கூடாதுங்க."

ஏன் என்றேன்.

"சூப்பர்வைசர நான் செஞ்சேன். அத யாரும் படம் புடிக்கல. சிரிச்சினு இருந்தாங்க. மொதல்ல ஒண்ணு சொன்னேன் பாருங்க, அத நான் சொல்லல. பெரியக்கா சொன்னா. அதத்தான் புடிச்சானுங்க."

அவள் சொன்னது சரிதான். அந்தப் பெண்களில் யாரோ போட்ட வீடியோவில் அந்த ஒற்றைச் சொல்தான் இருந்தது. பட்டுப்புடவையும் பூவுமாக ஒருத்தி குங்குமத்தைப் பார்த்து எனக்கெதுக்கு என்கிறாள். வீடியோ எங்கெங்கோ சுற்றியது. சுற்றி ஒரு இயக்குநரிடம் போனது. பழைய தொடரில் கிளாப் கட்டை பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தமாக ஒரு தொடர் எடுக்கிறார். இந்தப் பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலைப் பற்றிய கதை. அதில் ஒரு மெஸ் நடத்தும் பெண்மணி. அதட்டல், கேலி, பாட்டு, நெற்றி நிறையப் பொட்டு. காமெடிதான் அக்கா, செய்வீர்களா என்று போனில் கேட்டார்.

செய்வேன் என்றாள். போனை வைத்தாள். பிறகு ஒரகடம் கூட்டுரோட்டுக்கு என்னை வண்டி எடுக்கச் சொன்னாள்.

கூட்டுரோட்டுக்குச் சற்று உள்ளே, கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் சாப்பிடும் ஒரு தகர மெஸ். நடத்தும் அம்மாள் இரண்டு முழம் பூ வைத்து, ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்து, போனை இடுப்பில் செருகிக்கொண்டு வேலை செய்வார். எந்தப் பையன் எந்த ஷிஃப்ட், யாருக்கு ஓவர்டைம், யாருக்குச் சம்பளம் வரவில்லை என்று எல்லாம் தெரியும். "செகண்ட் ஷிஃப்ட்டு, கொழம்பு அவ்ளோதான். ரசத்த ஊத்தினு கொழம்புன்னு நெனச்சிக்கோ" என்று கரண்டியால் சட்டியைத் தட்டுவார். என் மனைவி நாள்தோறும் போய் எலுமிச்சை சாதம் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அம்மாளாகவே நடமாடுவாள். குழம்புக் கரண்டியைப் பிடிக்கும் கை, சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டும் வாய், கடன் சொல்லும் பையனைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்குவது. அந்த நடிப்புத்தான் அவள் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்தது. அதை முழுசாகப் பார்த்தவர்கள் நானும் மாடி வீட்டுக்காரர்களும் மட்டுமே.

மாசி மாதம் லுக் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். உடை, ஒப்பனை எல்லாம் போட்டு, பாத்திரத்துக்குப் பொருந்துகிறதா என்று கேமராவில் பார்ப்பது. நானும் போனேன். சிவப்புப் புடவை, பெரிய பொட்டு, பூ. அவள் வந்து நின்றதும் எல்லோரும் மானிட்டரைப் பார்த்தார்கள். சேனலிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் நல்ல மரியாதையோடு, சூப்பரா இருக்கு மேடம், ஆனா என்னவோ இடிக்குது என்றார். வசனம் பேசினாள். கரண்டியைத் தட்டினாள். விளக்குப் பிடித்திருந்த ஆள் வாய்விட்டுச் சிரித்து, வெளிச்சம் ஆடி, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. சேனல் இளைஞர் சிரிக்கவில்லை. அவர் இன்னமும் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீங்கள் மேடத்துக்கு என்ன வேண்டும் சார் என்று கேட்டார். கணவர் என்றேன். "ஓ" என்றார். நான் உயிரோடிருப்பதற்காக இன்னொருவர் அவ்வளவு ஏமாற்றம் அடைந்து நான் பார்த்ததில்லை.

ஒரு வாரத்தில் பதில் சொல்வதாகச் சொன்னார்கள்.

மனு வந்தால் முதலில் ஒப்புகை கொடுக்க வேண்டும். உடனே முடிவெடுக்க இயலாவிட்டால் பரிசீலனையில் உள்ளது என்று இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். அதுவும் வராவிட்டால் மனுதாரர் நினைவூட்டு அனுப்பலாம். இதற்கெல்லாம் மரியாதை இல்லாத அலுவலகங்களில்தான் நான் வேலை பார்த்தேன் என்றாலும், இவை இருக்கின்றன என்றாவது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு நினைவூட்டு நாகரிகமாக எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "கேட்டா, வேலைக்கி அலையிறாங்கன்னு நெனப்பாங்க. வேணும்னா அவங்களே சொல்லுவாங்க." ஆனால் போனைச் சமையலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் கூடவே எடுத்துக்கொண்டு போனாள். லுக் டெஸ்ட்டுக்கு வைத்த அந்த ஒரு ரூபாய் அகலப் பொட்டை மட்டும் விடவில்லை. தினமும் அதையே வைத்துக்கொண்டாள். யாராவது கேட்டால், பழகணும் இல்ல என்பாள்.

பங்குனியில் மாடியில் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்காக மாமியார் ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டார். ஒருநாள் கீழே வந்து, பிள்ளைக்குத் தூளி கட்ட மெத்தென்று பழைய நூல் சேலை ஏதும் கிடக்கிறதா மதினி என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என் மனைவி பீரோவைத் துழாவினாள். வெள்ளைப் புடவைகளில் இட்லித் துணியாகாமல் தப்பித்தது ஒன்று அடியில் இருந்தது. எடுத்துக் கொடுப்பதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். அந்த அம்மாளே கை நீட்டி வாங்கி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, நல்ல துணி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து பெரியக்காவின் புடவை மாடியில் கம்பியில் தொங்கியது. குழந்தை அதில் தூங்கியது. தூங்காதபோது எங்களுக்கும் தெரியும்.

சித்திரை, வைகாசி, ஆனி. ஒரு வாரம் என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. ஹாஸ்டல் தொடரின் விளம்பரத்தட்டி பூந்தமல்லி சாலையில் வைத்துவிட்டார்கள் என்று மாடி வீட்டுப் பையன் சொன்னான். அதில் மெஸ்கார அம்மாள் இல்லையாம். முக்கியமானவர்களை மட்டும்தான் தட்டியில் போட்டிருப்பார்கள், மற்றவர்கள் கதைக்குள் வருவார்கள் என்று நான் சொன்னேன். என் மனைவி கேட்டுக்கொண்டாள்.

பதில் வந்த அன்று தாலிக்கயிறு மாற்றும் நாள் என்பதால் காலையிலேயே வீட்டில் விளக்கேற்றி, காப்பரிசி கிளறி, சித்ரான்னம் செய்திருந்தாள். மாமியார் மாடியிலிருந்து இறங்கி வந்து, புதுக் கயிற்றில் மஞ்சள் தடவி என் மனைவிக்கு அவரே கட்டிவிட்டார். நெற்றியில் குங்குமமும் வைத்தார். இந்தத் தடவை கை எங்கேயும் போகவில்லை. அவர் மாடிக்குப் போன சற்று நேரத்தில் போன் ஒலித்தது. என் மனைவி மஞ்சள் கையோடு எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே படிங்க."

படித்தேன். இயக்குநர் எழுதியிருந்தார். "அக்கா வணக்கம். லேட்டுக்கு மன்னிச்சிடுங்க. சேனல்ல ஓகே சொல்லிட்டாங்க, மெஸ் அம்மா நீங்கதான். ஒரே ஒரு சேஞ்ச். அந்தம்மாவுக்கு ஹஸ்பெண்ட் இல்ல. உங்க வீடியோ நல்லா போயிருக்கறதால எனக்கெதுக்கு டயலாக்க அப்பப்போ வெக்கிறோம். பழைய வெள்ளைப் புடவை இருந்தா எடுத்துட்டு வாங்க, கன்டின்யூட்டி கரெக்டா இருக்கும். திங்கள்கிழமை வண்டி அனுப்பறேன்."

எப்போதோ முடிந்த ஒரு தொடருக்கும் இன்னும் தொடங்காத ஒரு தொடருக்கும் என்ன கன்டின்யூட்டி, என்ன தொடர்ச்சி என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். போனின் முகத்தில் அவள் விரல் மஞ்சள் பதிந்திருந்தது.

ஒன்பதாம் பிரிவைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. போகப் போகிறாயா என்று மட்டும் கேட்டேன்.

"மொதல்ல புருஷன் எப்பிடி செத்தான்னு கேளுங்க," என்றாள். "அது தெரியாம நான் எப்பிடி நடிக்கிறது?"

தட்டச்சு செய்தேன். மெஸ்கார அம்மாவின் பெரிய பொட்டு நெற்றியில் அப்படியே இருந்தது.   புடவைக்கு என்ன எழுதுவது என்றேன்.

"ஒண்ணுதான் மிச்சம். அதுல கொழந்த தூங்கினு கீது. புதுசு வாங்கிக்கச் சொல்லுங்க."

அதையும் எழுதி அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டார்கள் என்பதற்கு நீலக் குறி வந்தது. இந்த அலுவலகத்தில் ஒப்புகை மட்டும் சரியாக வருகிறது. சித்ரான்னத்தைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

வந்த பதிலில் தேதியைக் குறித்து வைப்பது என் பழைய வழக்கம். ஆடி பதினெட்டு.